கொலை செய்ய ஒரு கௌரவமான உத்தியோகம்

தொலைக்காட்சியில் கொலை செய்ய வேண்டுமானால் முதலில் நல்ல உத்தியோகம் வேண்டும். வேலை தேடி அலைகிறவன், வாடகை பாக்கி வைத்தவன், கடன்காரனுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போகிறவன் எல்லாம் மனுப் போடவே வேண்டாம். அவர்களுக்குப் பிணமாக நடிக்க வாய்ப்பு உண்டு. கொஞ்சம் முகவெட்டு இருந்தால் முதல் இருபது நிமிடம் சந்தேக நபராக உட்கார்ந்து போலீஸ் வாங்கித் தரும் காபியைக் குடிக்கலாம். கொலை மட்டும் கிடைக்காது. அது படித்தவர்களுக்கு, பட்டம் பெற்றவர்களுக்கு, வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். இடஒதுக்கீட்டால் திறமை செத்துப் போகிறது என்று புலம்புகிறவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

நம்பாதவர்கள் 'கொலம்போ' தொடரின் வருகைப் பதிவேட்டைப் புரட்டலாம். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவர் உருவாக்கிய லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் லெஃப்டினன்ட். 1968 முதல் 2003 வரை 69 கதைகளில் பீட்டர் ஃபாக் நடித்தார். கசங்கிய மழைக்கோட்டு, பாதியில் அணைந்த சுருட்டு, எந்த நேரமும் நின்றுவிடும் போலிருக்கும் பெஜோ 403 கார். எதிரில் நிற்கும் கொலைகாரர்களைப் பாருங்கள். முதல் கதையில் மனநல மருத்துவர். அடுத்ததில் வழக்கறிஞர். பிறகு துப்பறியும் நாவலாசிரியர், தனியார் துப்பறியும் நிறுவன முதலாளி, ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல், ஓவிய விமர்சகர், கட்டடக் கலைஞர். ஒரு கண்டக்டரும் உண்டு. பஸ் கண்டக்டர் இல்லை, கையில் குச்சியோடு நூறு வயலின்களை ஆட்டிவைக்கிற கண்டக்டர். பஸ் கண்டக்டருக்கு ஏது அந்த யோக்கியதை! சதுரங்க கிராண்ட்மாஸ்டர், இதய அறுவை மருத்துவர், அழகுசாதன நிறுவன அதிபர், மேஜிக் நிபுணர், உணவு விமர்சகர். ஒரு கவிஞர்கூட இருக்கிறார். கவிஞரை நம்பிக் கொலையை ஒப்படைத்த ஒரே துறை தொலைக்காட்சிதான்.

இவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் 1973இல் வந்த ஒயின் தயாரிப்பாளர் ஏட்ரியன் கார்சினி. டொனால்டு ப்ளெசன்ஸ் நடித்தது. மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஒயின் ஆலையை விற்கப் போகிறேன் என்கிறான். அண்ணன் அவனை மண்டையில் அடித்து, கட்டிப்போட்டு, ஒயின் பாதுகாக்கும் அறையில் பூட்டி, ஏ.சி.யை நிறுத்திவிட்டு நியூயார்க்கில் ஒயின் ஏலத்துக்குப் போய்விடுகிறார். தம்பி மூச்சு முட்டிச் சாகிறான். கொலம்போ அந்த அறையிலிருந்தே ஒரு புட்டியைக் கிளப்பி வந்து விருந்தில் ஊற்ற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும் கார்சினி பரிமாறுகிறவர்மேல் பாய்கிறார்: ஒயின் சூட்டில் கெட்டுவிட்டது! ஏ.சி. நின்ற அறையில் வெயில் புகுந்த கதையை அவர் நாக்கே சாட்சி சொல்லிவிடுகிறது. கடைசியில் கைதியும் போலீஸும் காரில் உட்கார்ந்து, நல்ல ஒயின் ஒன்றைப் பகிர்ந்து குடிக்கிறார்கள். அருமையான காட்சி. பார்த்து முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: செத்த தம்பியின் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கெட்டுப்போன ஒயினுக்காக உச்சுக் கொட்டுவார்கள். ரசனை உள்ளவன் செய்தால் கொலையும் கலைதான்.

இதெல்லாம் தானாக அமைந்ததென்று நினைக்காதீர்கள். எழுதி வைத்த சட்டம் இருக்கிறது. 1928இல் எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்கர் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். இயற்பெயர் வில்லார்ட் ஹண்டிங்டன் ரைட். தொழில், சிரிக்காதீர்கள், கலை விமர்சனம். பதினொன்றாம் விதி சொல்கிறது: வேலைக்காரரைக் கொலையாளி ஆக்கக் கூடாது, அது மலிவான தீர்வு, குற்றவாளி ஒரு பொருட்டான ஆளாக இருக்க வேண்டும். மறு ஆண்டு இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் தன் பங்குக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். கதையில் சீனர் யாரும் வரக் கூடாது என்பது ஐந்தாவது கட்டளை. மூன்றாந்தர நாவல்களில் சீனர்களே வில்லன்களாக வந்து குவிந்ததைக் கிண்டல் செய்தார் என்பார்கள். இருக்கட்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் முற்போக்கான சட்டமாகத் தெரியும். வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் வேலைக்காரம்மாவின் பையைக் கொட்டிப் பார்க்கிற உலகத்தில், வேலைக்காரர் நிரபராதி என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிய ஒரே கலைவடிவம்! ஆனால் கொலையாளி வேடத்தை மறுத்துவிட்டு அவர்களுக்கு என்ன வேடம் கொடுத்தார்கள் தெரியுமா? இரண்டாவது பிணம். எதையோ பார்த்துவிடுகிற சமையற்காரி, எதையோ கேட்டுவிடுகிற தோட்டக்காரர், இரண்டாவது விளம்பர இடைவேளைக்குள் தீர்ந்துபோவார்கள். 1971இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற இளம் இயக்குநர் எடுத்த கொலம்போ கதையில் நாவலாசிரியர் தன் கூட்டாளியைக் கொல்கிறார். பார்த்துவிட்ட பெட்டிக்கடைப் பெண்மணி கொஞ்சம் பணம் கேட்கிறார். அவர் கதையும் முடிந்தது. முதல் கொலைக்குத்தான் திட்டம், பொய்ச்சாட்சி, தடயம், புத்திசாலித்தனம் எல்லாம். ஏழையைக் கொல்ல ஒரு ஷாம்பெயின் புட்டி போதும்.

மருத்துவர் விஷயத்தில் தொலைக்காட்சிக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. மயக்க மருந்து கைவசம், கத்தி கைவசம், இறப்புச் சான்றிதழும் கைவசம். அதே 1973இல் வந்த 'எ ஸ்டிட்ச் இன் க்ரைம்' இந்த வகையின் சிகரம். 'ஸ்டார் ட்ரெக்'கில் ஸ்பாக்காக வந்த லெனார்ட் நிமோய்தான் இதய அறுவை மருத்துவர் மேஃபீல்டு. சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் மூத்த மருத்துவர், முடிவுகளை வெளியிட அவசரம் வேண்டாம் என்று தடுக்கிறார். பெரியவருக்கே இதய வால்வு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. மேஃபீல்டு நிரந்தரமாக நிற்கிற நூலுக்குப் பதில் கரைந்துபோகிற நூலால் தைத்துவிடுகிறார். சில நாளில் நூல் கரையும், வால்வு கழலும், பெரியவர் 'இயற்கையாக'ப் போய்ச் சேருவார். கண்ணில் பட்ட நூல் துண்டை விரலில் நெருடிப் பார்த்து இதில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடிப்பது கொலம்போ இல்லை; நர்ஸ் ஷாரன் மார்ட்டின். ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் அவரை அடித்துக் கொல்கிறார் மேஃபீல்டு. கவனியுங்கள், வழக்கை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார் அந்த நர்ஸ். மிச்ச நேரம் முழுவதும், அவர் கண்டுபிடித்ததை மேதை ஒருவர் மறுபடி கண்டுபிடிப்பதைத்தான் நாம் கைதட்டிப் பார்க்கிறோம்.

நிஜத்தில் இந்த வேடத்தை ஏற்றவர் ஹரால்டு ஷிப்மன். மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊர். தாடி, கண்ணாடி, கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்க்கிற டாக்டர். வயதான பெண்களிடம் கைராசிக்காரர் என்று பெயர். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை 2002இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் எண்ணிக்கை 215. கரையும் நூலா, அபூர்வ விஷமா? ஒன்றும் கிடையாது. டயாமார்ஃபின் ஊசி, அவ்வளவுதான். மாட்டிய விதத்தைக் கேளுங்கள்: கடைசியாகக் கொன்ற மூதாட்டி தன் சொத்து முழுவதையும் டாக்டருக்கே எழுதி வைத்ததாக ஓர் உயில். அடித்தது டாக்டருடைய சொந்த டைப்ரைட்டரில். காகிதத்தில் அவர் கைரேகை. மூதாட்டியின் மகளோ வழக்கறிஞர். இந்தக் கதையை எந்த எழுத்தாளர் கொண்டுபோயிருந்தாலும், "கொலைகாரன் இவ்வளவு மடையனாகவா இருப்பான், போய் வேறு கதை பண்ணிக்கொண்டு வா" என்று தயாரிப்பாளர் முகத்தில் வீசியிருப்பார்.

மடையன்தான். ஆனால் டாக்டர். அத்தனை ஆண்டு காப்பாற்றியது அந்தப் பட்டம். 1976இலேயே மருந்துச் சீட்டில் மோசடி செய்து பெத்திடின் வாங்கித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதற்காக நீதிமன்றம் அபராதம் விதித்தது. மருத்துவ கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. பக்கத்துக் கிளினிக் பெண் மருத்துவர் ஒருவர் 1998 மார்ச்சில், இந்த ஆளின் நோயாளிகள் இப்படிச் செத்துக்கொண்டே இருக்கிறார்களே என்று மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். போலீஸ் விசாரித்தது. பழைய வழக்கு ஏதாவது உண்டா என்றுகூடப் பார்க்காமல் ஏப்ரலில் கோப்பை மூடியது. அதன் பிறகு மூன்று பெண்கள் செத்தார்கள். அந்தப் பெண் மருத்துவருக்கு முன்பே சந்தேகப்பட்டவர்கள் யார் தெரியுமா? சவ அடக்கம் செய்கிறவர்கள். போகிற வீடெல்லாம் பிணம் நல்ல உடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதே என்று யோசித்தவர்கள். ஒரு டாக்ஸி ஓட்டுநர். தன் வண்டியில் ஏறும் பாட்டிமார்கள் ஒவ்வொருவராகக் குறைவதைப் பார்த்து ரகசியமாகப் பட்டியல் எழுதிவந்தவர். ஒரு டாக்டரைப் பற்றி டாக்ஸிக்காரன் சொன்னால் எடுபடுமா என்ற தயக்கத்தில் அந்தப் பட்டியல் வீட்டிலேயே கிடந்தது. வான் டைனின் சட்டம் கதைக்கு வெளியிலும் அமலில் இருக்கிறது: ஒரு பொருட்டில்லாத ஆள் கொலையும் செய்யக் கூடாது, துப்பும் துலக்கக் கூடாது.

பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. அது கிராமங்களில் பிஸியாக இருந்தது. 1997இல் தொடங்கிய 'மிட்சமர் மர்டர்ஸ்' தொடரில் பாதிரியார், தேவாலய மணியடிப்போர் சங்கம், பூந்தோட்டப் போட்டி நடுவர், எல்லோருமே கொலைக்கு லாயக்கானவர்கள். பெரிய பாலாடைக்கட்டிச் சக்கரத்தை உருட்டி ஒருவரைக் கொன்றிருக்கிறார்கள். கவண் செய்து ஒயின் புட்டி எறிந்து ஒருவரை. இத்தனை பேரைக் கொன்ற ஊரில் கறுத்த தோல் மட்டும் கண்ணில் படுவதில்லையே என்ற கேள்விக்கு, ஆங்கிலத்தனத்தின் கடைசிக் கோட்டை இது, அப்படியே இருக்கட்டும் என்கிற தொனியில் 2011இல் அதன் தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே பேட்டி கொடுத்துப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். வாராவாரம் கழுத்தறுப்பு நடக்கலாம், ஊர் அமைதி கெடாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு பஞ்சாபிக் குடும்பம் குடிவந்தால் கெட்டுவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' காலத்தில் பேராசிரியர் பதவி காலியாக இரண்டே வழி: ஒன்று ஓய்வு, இன்னொன்று விஷம். அவர்களைச் சும்மா சொல்லக் கூடாது, நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் பதவிக்கு நடப்பதைவிட நாகரிகமான முறைதான்.

போலீஸ்காரரே கொலையாளி என்றால் மட்டும் தொலைக்காட்சிக்குக் கை நடுங்கும். கொலம்போ ஒரு முறை துணிந்தார். 1974இல் தன் மேலதிகாரியான துணை கமிஷனரையே பிடித்தார். சபாஷ். 2021 மார்ச்சில் தெற்கு லண்டனில், போலீஸ்காரர் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி, கைவிலங்கு போட்டு, இரவில் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த 33 வயதுப் பெண்ணைக் கைதுசெய்வதுபோல் காரில் ஏற்றிப் போனார். வல்லுறவு செய்து கொன்றார். ஆயுள் முழுக்கச் சிறை என்று செப்டம்பரில் தீர்ப்பு. இனிமேல் தனியாக வரும் போலீஸ்காரரைப் பெண்கள் எப்படி நம்புவது என்று கேட்டார்கள். லண்டன் போலீஸ் யோசனை சொன்னது: சந்தேகமாக இருந்தால் ஓடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துங்கள். இதுவரை எந்தத் துப்பறியும் தொடரிலும் பஸ் டிரைவர் கதாநாயகனாக வந்ததில்லை. இப்போது போலீஸே அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டது.

இனி வான் டைனின் வேறு இரண்டு விதிகளுக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இவற்றின்மேல்தான். பன்னிரண்டாம் விதி: எத்தனை கொலை நடந்தாலும் குற்றவாளி ஒருவராகத்தான் இருக்க வேண்டும், பழி முழுவதும் ஒரே ஜோடித் தோளில் இறங்க வேண்டும். பத்தொன்பதாம் விதி: கொலைக்கான காரணம் சொந்தக் காரணமாக இருக்க வேண்டும். பொறாமை, காதல், பழைய பகை, உயில். இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உலகத்தில் எந்தத் தொழில் அதிகம் பேரைக் கொல்கிறதோ அந்தத் தொழிலுக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டது. இயக்குநர் குழுவுக்கு ஒரு ஜோடித் தோள் கிடையாது. பன்னிரண்டு ஜோடி இருக்கும், அதுவும் சுழற்சி முறையில். அவர்களுக்குச் செத்தவர்கள்மேல் பகையும் கிடையாது. செத்தவர்கள் யாரென்றே தெரியாது. காதலியை விஷம் வைத்துக் கொன்றவனுக்காவது அவள் பெயர் தெரியும்.

கொலம்போவை அந்த இயக்குநர் குழுவின் அறைக்குள் அனுப்பிப் பாருங்கள். வாசலில் விசிட்டர் அட்டை மாட்டிவிடுவார்கள். சுருட்டை அணைக்கச் சொல்வார்கள்.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். என் வீட்டுக்காரிதான் கேட்கச் சொன்னா. இந்தப் பலகை தீப்பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது டெக்னிக்கல் டீம் பார்க்கிறது."

"அவங்களைக் கேட்டேன். சான்றிதழ் இருக்குன்னாங்க."

"அப்போ சான்றிதழ் கொடுத்தவங்களைக் கேளுங்க."

"கேட்டேங்க. நீங்க அனுப்பின சாம்பிளுக்குத்தான் சான்றிதழ்னாங்க."

"பர்ச்சேஸ் கமிட்டி முடிவு அது. அந்தக் கமிட்டி இப்போ இல்லை."

வாசல்வரை போய்த் திரும்பி, நெற்றியைச் சொறிந்துகொண்டு, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பார். அந்த ஒரு விஷயத்தை எழுத்து மூலம் சட்டப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் முகவரி கொடுப்பார்கள். பெஜோ கார் கிளம்பாது.

கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். 2017 ஜூன் 14, லண்டன், கிரென்ஃபெல் டவர், 24 மாடி. வாடகைக்கு இருந்த எளிய மனிதர்கள். புதுப்பிக்கிறோம் பேர்வழி என்று கட்டடத்துக்கு வெளியே பலகை போர்த்தியிருந்தார்கள். நம்மூர் ஷோரூம் முகப்பில் பளபளவென்று ஒட்டுகிறார்களே ஏ.சி.பி. ஷீட், அதன் குடும்பம்தான்: இரண்டு பக்கம் அலுமினியத் தகடு, நடுவில் பாலிஎத்திலீன். துத்தநாகப் பலகைக்குப் பதில் இதைப் போட்டதில் மிச்சமானது 2,93,368 பவுண்டு. செத்தவர்கள் 72 பேர். வகுத்துப் பார்த்தேன், தலைக்கு ஏறத்தாழ 4,075 பவுண்டு வருகிறது. எந்தக் கூலிப்படையும் லண்டனில் இந்த விலைக்கு வேலை எடுக்காது. தங்களுக்கு ஒரு பேரழிவு வந்தால்தான் நிர்வாகத்தின் யோக்கியதை வெளியே தெரியும் என்று அங்கே குடியிருந்தவர்களின் குழு 2016 நவம்பரிலேயே எழுதி வைத்திருந்தது. நர்ஸ் ஷாரன் மார்ட்டின், டாக்ஸி ஓட்டுநர், இப்போது இவர்கள்.

பொது விசாரணையின் இரண்டாம் கட்டம் லண்டனில் பேடிங்டன் பக்கத்தில் நடந்தது. அகதா கிறிஸ்டி வாசகர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ரயில் ஓசை கேட்கும். அவர் படைத்த பெல்ஜியத் துப்பறிவாளர் பொவாரோ கதைகளின் கடைசிக் காட்சி உங்களுக்குத் தெரியும்: எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, மீசையை நீவிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நகர்ந்து, கடைசியில் ஒருவரைச் சுட்டுவார். இங்கேயும் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். கட்டட வடிவமைப்பாளர், ஒப்பந்ததாரர், பலகை செய்தவர், காப்புப் பொருள் செய்தவர். வாயைத் திறப்பதற்கு முன் அவர்களில் பலர் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: நாங்கள் இங்கே சொல்வதை வைத்து எங்கள்மேல் வழக்குப் போட மாட்டோம் என்று உறுதி கொடுங்கள். 2020 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் அந்த உறுதியைக் கொடுத்தார். பொவாரோ மீசையை மழித்துக்கொண்டு பெல்ஜியத்துக்கே திரும்பியிருப்பார். அதன் பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். நாம் இங்கே செய்வதெல்லாம் பொய் சொல்வதுதானே என்று ஒரு நிறுவன ஊழியர் இன்னொருவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகூட வெளிச்சத்துக்கு வந்தது. 2024 செப்டம்பர் 4 அன்று இறுதி அறிக்கை: பொருள் தயாரித்தவர்கள் திட்டமிட்டு நேர்மையற்று நடந்துகொண்டார்கள், 72 மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை. அன்றைய தேதிவரை அந்த மரணங்களுக்காக ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

அவசரப்பட்டு பிரிட்டிஷ் நீதியைக் குறை சொல்லிவிடாதீர்கள். கிரென்ஃபெல் பெயரில் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, நிறைய உண்டு. நானும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தேன் என்று பொய் சொல்லி நிவாரணப் பணமும் ஹோட்டல் அறையும் வாங்கியவர்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்கள். ஹோட்டல் பில்லில் தோள் ஒரு ஜோடிதான் இருக்கும்.

ஒரு முறை மட்டும் தொலைக்காட்சி வான் டைனின் விதிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டது. 2024 ஜனவரி முதல் நான்கு இரவுகள் ஐ.டி.வி.யில் வந்த 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. துப்பறிவாளர் கிடையாது, மழைக்கோட்டு கிடையாது, கத்தி கிடையாது. ஃபுஜிட்சுவின் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு தப்புத் தப்பாகக் கூட்டியது. கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள்தான் திருடிவிட்டார்கள் என்று தபால் துறை சாதித்தது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஊர்க்கோடியில் தபால்தலை விற்றவர்கள், வீட்டை அடகு வைத்துக் 'காணாமல் போன' பணத்தைக் கட்டியவர்கள். நம் நாட்டிலிருந்து போய்க் கடை வைத்த குடும்பங்களும் அதில் நிறைய. இதனால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2012 முதல் 2019 வரை இருந்தவர் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலிகன் பாதிரியார். மிட்சமரில் இத்தனை ஆண்டு பாதிரியார்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு இவர்மேல் மட்டும் கண் போகவில்லை. இவர் கையில் பாலாடைக்கட்டி இல்லை. கணினிதான் தப்புச் செய்கிறது என்று உயர் நீதிமன்றமே 2019இல் தீர்ப்பளித்திருந்தது. அதற்கு அசையாத அரசாங்கம் நாலு நாள் நாடகத்துக்கு அசைந்தது. ஜனவரி 10ஆம் தேதி பிரதமர் எழுந்து, தண்டனைகளைச் சட்டம் போட்டே ரத்து செய்கிறோம் என்றார். நீதி வேண்டுமென்றால் நல்ல நடிகர்கள், நல்ல ஒளிப்பதிவு, இரவு ஒன்பது மணி ஒளிபரப்பு என்று ஆகிவிட்டது. ஹீரோவாக நடிக்க டோபி ஜோன்ஸ் கிடைக்காத ஊர்க்காரர்கள் என்ன செய்வது?

போபால்காரர்களுக்கும் ஒரு தொடர் கிடைத்தது. 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில், 'தி ரயில்வே மென்', நான்கு பகுதி. ஸ்டேஷன் மாஸ்டர், ரயில்வே ஊழியர்கள், விஷவாயு கசிந்த இரவில் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றியவர்கள். நன்றாகத்தான் இருந்தது, கண் கலங்கியது. காப்பாற்றியவர்களைப் பற்றித் தொடர் எடுக்கலாம். கொன்றவர்களைப் பற்றி எடுத்தால் துப்பறிய என்ன மிச்சம்? யார், எங்கே, எதனால் என்பதெல்லாம் முதல் நாளே தெரியும். யூனியன் கார்பைடு, மெத்தில் ஐசோசயனேட், நிறுத்தி வைத்த பாதுகாப்புச் சாதனங்கள். போபால் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று 1982லேயே எழுதியவர் ராஜ்குமார் கேஸ்வானி, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர். அவரும் பொருட்டில்லாத ஆட்கள் பட்டியலில் சேர்ந்தவர். 1984 டிசம்பர் 2 இரவு மூச்சு முட்டிச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7 அன்று வந்தார், கைது செய்தார்கள், ஜாமீனில் விட்டு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். 2014இல் அமெரிக்காவில் 92 வயதில் படுக்கையில் இறந்தார். அதுவரை எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

இங்கே இருந்த அதிகாரிகள்மேல் முதலில் போட்ட பிரிவு பத்தாண்டுவரை சிறை கொடுக்கக் கூடியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ ஆகக் குறைத்தது: கவனக்குறைவால் மரணம். தூக்கக் கலக்கத்தில் சைக்கிள்காரர்மேல் ஏற்றிவிட்ட லாரி டிரைவர்மேல் அன்றைக்குப் போட்டுவந்த பிரிவு. வேலைக்காரர் கொலையாளி ஆகக் கூடாது என்ற கதைச் சட்டத்தைத் திருப்பிப் போட்டு, முதலாளியை லாரி டிரைவராக்கிவிட்டார்கள். 2010 ஜூன் 7 அன்று, விஷவாயு கசிந்து 25 ஆண்டுகள் கழிந்து, போபால் நீதிமன்றத்தில் உயிரோடு இருந்த ஏழு அதிகாரிகளுக்குத் தீர்ப்பு: தலா இரண்டாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். 25,000 ரூபாய் பிணையில் அன்றைக்கே ஜாமீன். திங்கட்கிழமை அது. மாலை சீரியல் தொடங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.